உலர்ந்தால் மீளாத வர்ணம்

சோளகக் காற்று ஓயாது வீசும் ஆடி மாதத்து நண்பகலில், திறந்த முற்றத்திலே அக்கிறிலிக் வர்ணத்தைத் தட்டிற் பிழிந்து வைத்துவிட்டு, ஒரு பிள்ளை தண்ணீர்ச் செம்பை எடுத்துவர அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவ்வர்ணத்தின்மேல் ஆடை படர்ந்துவிடும். இந்தச் சிறு உண்மையை உரிய வேளையில் நாம் அறிந்திருந்தோமாயின், எமது இல்லத்தில் ஒரு சித்திரம் பாழாகியிராது. ஒரு பிள்ளை மூன்றாண்டு காலம் தூரிகையைத் தொடாமல் இருந்திருக்கவும் மாட்டாள்.

அப்பிள்ளை எம் மகள். 2018ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையில், கனடாவிலிருந்து வந்திருந்த அவளுடைய மாமா பன்னிரண்டு குழாய்கள் கொண்ட வர்ணப்பெட்டி ஒன்றைப் பரிசளித்தார். பாடசாலையில் நீர்வர்ணம் மட்டுமே பழகியிருந்த பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு அது பெரும் புதையல். அலுமாரிக்கு முதுகு மாற்றியபோது மிஞ்சிய ஹாட்போட் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றிற் காரைநகர்க் கடலை வரைந்தாள். மற்றதில், விறாந்தையிற் காலை நீட்டி அமர்ந்து சிற்றுரலில் வெற்றிலை இடிக்கும் தன் அப்பம்மாவை வரையத் தொடங்கினாள். கைகளும் உரலும் நன்றாகவே அமைந்தன. முகத்தை நண்பகலில் வரைந்தாள். ஈரமாக இருக்கும்போது அப்பம்மாவின் நிறமாகவே தோன்றிய அது, மாலையில் உலர்ந்தபோது இருண்டு போயிற்று. எம் அன்னையார் அதைப் பார்த்துச் சிரித்து, "என்ன பிள்ளை, அடுப்புக்கரியாலேயோ என்னைக் கீறினனீ?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் பிள்ளை முகம் சிவந்து, மேலும் வர்ணம் பூசி, அது அரைகுறையாக உலர்ந்திருக்கும்போதே ஈரத் தூரிகையால் தேய்த்து வெளிறச் செய்யப் பார்த்தாள். வர்ணம் தோலுரிவதுபோல உருண்டு திரண்டு வந்தது. அன்று மாலையே இரு படங்களையும் முகத்தோடு முகம் வைத்து, றங்குப் பெட்டியின் அடியிற் போட்டுவிட்டாள்.

எம் அன்னையார் 2021ஆம் ஆண்டிற் காலமானார். எட்டுச் செலவு முடிந்தபின் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடியபோதுதான் அந்தப் பலகைகள் மீண்டும் வெளியே வந்தன. ஓட்டுக்கூரையின் கீழ் மூன்று கோடைகளின் வெக்கையில் கிடந்தமையால் இரண்டும் ஒன்றாய் ஒட்டியிருந்தன. நாம் அவசரப்பட்டு இழுத்துப் பிரித்தோம். அப்பம்மாவின் இடது கன்னம் உரிந்து, காரைநகர்க் கடலின்மேல் ஒட்டிக்கொண்டது.

நாம் கற்பிப்பது இரசாயனம். பல்பகுதியங்களைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகின்றோம். அதே பல்பகுதியம் எம் வீட்டு றங்குப் பெட்டியில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாராதது எமக்குப் பெரும் வெட்கமாயிற்று. அதன்பின் மகளும் நாமுமாகப் படித்தும், வர்ணத்தை வீணாக்கியும் கற்றவற்றையே இங்கு எழுதுகின்றோம். பிள்ளைகளுக்கு இவ்வர்ணத்தை வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோருக்கும், தாமே பழக விரும்பும் மாணவருக்கும் இவை பயன்படக்கூடும்.

பாலும் ஆடையும்

அக்கிறிலிக் என்பது புதுமையானதோர் இரசாயனச் சேர்வையின் பெயர். ஒட்டோ றோம் என்னும் ஜெர்மானிய இரசாயனவியலாளர் 1901ஆம் ஆண்டில் இத்தகைய சேர்வைகளைப் பற்றித் தம் கலாநிதிப் பட்ட ஆய்வை எழுதினார். முதலிற் கண்ணாடிபோன்ற பலகைகளாகவும், பின்பு வீட்டுச் சுவர்களுக்கான பூச்சாகவும் இது உலகிற் பரவிற்று. நீரிற் கலக்கக்கூடிய அக்கிறிலிக் வர்ணம் ஓவியர்களுக்கென்றே விற்பனைக்கு வந்தது 1955ஆம் ஆண்டில். அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் ஹென்றி லெவிசன் என்பவரின் நிறுவனம் அதனை லிக்குவிற்றெக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. எண்ணெய் வர்ணத்தின் வயது அறுநூறு ஆண்டுகளுக்குக் குறையாது. இதன் வயது எழுபதைத்தான் தாண்டியிருக்கின்றது. முந்நூறு ஆண்டு கழிந்தபின் இப்படங்கள் எவ்வாறிருக்கும் என்பதைக் கண்டவர் இன்னும் பிறக்கவில்லை.

இதன் இயல்பை விளங்கிக்கொள்ளப் பாலை நினைத்துக்கொள்ளலாம். பாலில் நெய்த்துளிகள் நீரில் மிதப்பதுபோல, இவ்வர்ணத்திலும் பிசின் துணிக்கைகள் நீரில் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவினது. நிறத்தைத் தரும் பொடி அவற்றோடு கலந்திருக்கும். நீர் ஆவியாகப் போகப் போகத் துணிக்கைகள் ஒன்றையொன்று நெருங்கி, நசுங்கி, ஈற்றில் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே படலமாகிவிடும். அப்படலத்தை மீண்டும் நீர் பிரிக்காது. நீர்வர்ணம் உலர்ந்தபின்னும் ஈரத் தூரிகைக்கு இளகிக் கொடுக்கும், அக்கிறிலிக் கொடுக்காது. அரைவாசி உலர்ந்த நிலையிலே தேய்த்தால், கூடிவரும் படலம் சிதைந்து உருண்டு வரும். எம் மகளுக்கு நேர்ந்தது இதுவே. அவள் சற்றுப் பொறுத்து, முற்றாக உலர விட்டு, அதன்மேல் வேறு நிறத்தைப் பூசியிருந்தாளாயின் ஒரு தீங்கும் வந்திராது. கீழே உள்ள பூச்சு அசையாமையால் மேலே எத்தனை பூச்சும் பூசலாம். பிடிக்காத படத்தின்மேல் வெள்ளையைப் பூசிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கலாம். எண்ணெய் வர்ணத்தில் இவ்வாறு செய்ய வாரக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும்.

நிறம் இருள்வதற்கும் காரணம் அப்பாலே. ஈரமாயிருக்கும்போது பிசின் வெண்மையாய் இருப்பதால் நிறம் சற்று வெளிறித் தோன்றும். உலர்ந்தபின் பிசின் பளிங்குபோலத் தெளிந்துவிடும். அப்பொழுது நிறம் தன் உண்மையான ஆழத்தைக் காட்டும். மெல்லிய நிறங்களில் இவ்வேறுபாடு அதிகம் தெரியாது. கபிலம், கருநீலம் போன்றவற்றில் நன்கு தெரியும். ஆதலால் வேண்டிய நிறத்திலும் ஒரு படி வெளிறியதாகக் கலத்தல் வேண்டும். அதனிலும் நல்லது, கலந்த நிறத்தை ஒரு மட்டைத் துண்டிற் கீற்றாகப் பூசி, காற்றாடியின் கீழ் ஐந்து நிமிடம் பிடித்து உலர்த்திப் பார்த்துவிட்டுப் படத்திற் பூசுதல். இச்சோதனைக் கீற்றை அலட்சியம் செய்பவர்கள் பலர். நாமும் செய்தோம்.

காற்றோடு ஒரு வழக்கு

மெல்லிய பூச்சு உலரப் பத்து முதல் இருபது நிமிடம் செல்லும் என்று நூல்கள் கூறுகின்றன. அந்நூல்களை எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துச் சோளகத்தைக் கண்டவரல்லர். எமது முற்றத்தில் மூன்று நிமிடமே போதும். ஆகையால் இவ்வர்ணத்தைப் பழகுபவர் முதலிற் செய்யவேண்டியது, வரையும் இடத்தை மாற்றுதல். நிழலுள்ள, காற்றாடி ஓடாத அறையே சிறந்தது; யன்னலைச் சற்றே திறந்து வைத்தாற் போதும். முற்றாக அடைத்தல் வேண்டா. ஈர வர்ணத்தில் சிறிதளவு அமோனியா உண்டு. அடைத்த அறையில் அதன் நெடி தலையிடியைத் தரும்.

அடுத்தது தட்டு. கடையில் விற்கும் மரத்தட்டு அக்கிறிலிக்குக்கு ஒவ்வாது. மரம் நீரை உறிஞ்சிவிடும். நாங்கள் செய்யும் முறை இது. மூடியுள்ள தட்டையான உணவுப் பெட்டி ஒன்றில், ஈரமாக்கிய பருத்தித் துணியை நான்காக மடித்து விரிக்கின்றோம். அதன்மேல், கேக் சுடும்போது தட்டில் இடும் எண்ணெய்க் கடதாசி ஒன்று. வர்ணத்தைக் கடதாசியின்மேற் பிழிய வேண்டும். துணியின் ஈரம் கடதாசியூடாக மெல்லக் கசிந்து வர்ணத்தை உலரவிடாது காக்கும். மூடிவைத்தால் மறுநாட் காலையிலும் அதே வர்ணத்தைப் பாவிக்கலாம். மூன்றாம் நாளும் பாவித்திருக்கின்றோம். கடையிலே இதனையே ஈரத்தட்டு என்று பெரும் விலைக்கு விற்கின்றார்கள். அதனை வாங்குவது வீண்செலவு என்பதே எமது அபிப்பிராயம்.

உலர்தலைத் தாமதப்படுத்தும் திரவங்களும் கிடைக்கின்றன. சில துளிகள் சேர்த்தால் நன்மையுண்டு. மிகுதியாகச் சேர்த்தால் வர்ணம் நாட்கணக்கிற் பிசுபிசுத்துக் கிடக்கும். ஆரம்பநிலையினர் இதனை நாடாது, நீர் தெளிக்கும் சிறு போத்தல் ஒன்றை அருகில் வைத்து, தட்டின்மேல் இடைக்கிடை பனிபோலத் தெளித்தாற் போதும்.

இரு விநாடியும் இரு வாரமும்

இவ்வர்ணத்தோடு மல்லுக்கட்டாது, அதன் சுபாவத்தை அறிந்து அதனைத் தமக்கு உதவச் செய்தவர் ஒருவரைப் பற்றி இங்கு சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். டேவிட் ஹொக்னி இங்கிலாந்தின் பிரட்போட் நகரிற் பிறந்தவர். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றார். மேகமும் மழையுமாய் மங்கிய ஊரிலிருந்து போனவருக்கு, அங்குள்ள கூர்மையான வெயிலும் நிழலின் வெட்டிய விளிம்புகளும் வியப்பளித்தன. அந்த வெயிலுக்குப் பொருத்தமானது அக்கிறிலிக்கே எனக் கண்டு அதிலே வரையத் தொடங்கினார்.

1967ஆம் ஆண்டில், கலிபோர்ணியாவின் பேர்க்லியில் அவர் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் வரைந்த நீச்சற் குளப் படம் ஒன்று இன்று இலண்டனிலுள்ள ரேற் கலைக்கூடத்துக்குச் சொந்தமானது. ஏறக்குறைய எட்டடிச் சதுரம். நீல வானம், தட்டைக் கூரையுள்ள வீடு, வெறுங் கதிரை ஒன்று, மஞ்சள் நிறப் பாய்பலகை, நீலக் குளம். யாரோ அப்பொழுதுதான் குளத்திற் குதித்திருக்கின்றார், ஆளைக் காணவில்லை. வெண்ணிறமாய்த் தெறித்தெழுந்த நீர் மட்டுமே தெரிகின்றது.

ஆரம்பநிலை மாணவர் இப்படத்தின் அச்சுப் பிரதியொன்றைத் தேடிப் பார்த்தல் நன்று. வானமும் நீரும் சுவரும் உருளையால் இரண்டு மூன்று முறை பூசப்பெற்றவை. தூரிகையின் தடமே இல்லை. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல இருப்பதற்குக் காரணம், அவர் ஒட்டுநாடாவை ஒட்டி, அதன் ஓரமாக வர்ணம் பூசிப் பின்பு நாடாவை உரித்தமை. விரைவில் உலரும் வர்ணத்திலன்றி இது எளிதாகாது. எண்ணெய் வர்ணமாயின் ஒரு பகுதி உலர்ந்து, அடுத்ததற்கு நாடா ஒட்டக் கிழமைகள் செல்லும். இதனை நம் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். ஆனால் நாடாவின் அடியில் வர்ணம் கசிந்து ஓரத்தைக் கெடுப்பதுண்டு. அதனைத் தடுக்க ஓர் உபாயம் உண்டு: நாடாவை அழுத்தி ஒட்டியபின், அதன் ஓரத்திலே நிறமற்ற அக்கிறிலிக் பிசினை ஒருமுறை பூசி உலரவிட வேண்டும். கசிவதாயின் நிறமற்ற பிசினே கசிந்து இடைவெளியை அடைக்கும். அதன்பின் வர்ணத்தைப் பூசினால் ஓரம் நேர்கோடாக வரும்.

அவர் பாவித்த வர்ணங்களோ மிகச் சில: இருவகை நீலம், மூவகை மண்ணிறம், ஒரு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை. எட்டடிப் படத்துக்கு எட்டே வர்ணங்கள்! இருபத்துநான்கு குழாய்ப் பெட்டி இல்லாமல் வரையமுடியாது என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதனை எடுத்துச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் எம் மனத்தைக் கவர்ந்தது அந்தத் தெறிப்பே. வாளியால் வர்ணத்தை அள்ளி வீசியதுபோல அது தோன்றும். உண்மை அதுவன்று. சிறு தூரிகைகளால், கோடு கோடாக, துளி துளியாக அதனை வரைந்தார். இரு விநாடியில் அடங்கிவிடும் நீரை வரைய அவருக்கு ஏறக்குறைய இரு வாரங்கள் சென்றன. வர்ணம் விரைவாக உலர்கின்றதே என்று நாம் அந்தரப்படுகின்றோம்; அவரோ அவ்விரைவினாலேயே ஆறுதலாக வேலைசெய்தார். ஒரு கோடு உலர்ந்துவிட்டால் அது அசையாது. அதன்மேல் அடுத்த கோட்டை அச்சமின்றி இடலாம். இதனை மகளுக்குக் காட்டியபோது அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அப்பா, எங்கடை தூரிகையெல்லாம் எங்கை?" என்று கேட்டாள்.

தூரிகைகள் இருந்தன; ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன்னர் கழுவாமல் வைத்தமையால் ஆணிபோல் இறுகியிருந்தன. மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் ஊறவைத்து இரண்டை ஒருவாறு மீட்டோம். (இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை, அடுப்புப் பக்கம் அந்தப் போத்தலைக் கொண்டுபோகவே கூடாது.) மற்றவை போயின.

வாங்குவனவும் கலப்பனவும்

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததன்பின் இறக்குமதிப் பொருள்கள் எல்லாம் விலையேறியதை யாவரும் அறிவர். ஆகவே எதை வாங்குவது என்பதில் நிதானம் வேண்டும். ஆறு குழாய்கள் போதும்: ரைற்றேனியம் வெள்ளை, அல்ற்றமரீன் நீலம், எலுமிச்சை மஞ்சள், ஒரு சிவப்பு, மஞ்சட்காவி, பேர்ண்ற் சியன்னா எனப்படும் சுட்ட செம்மண் நிறம். வெள்ளை மட்டும் பெரிய குழாயாக இருக்கட்டும். அதுவே முதலில் தீரும். கறுப்பு வேண்டியதில்லை. அல்ற்றமரீன் நீலத்தையும் சுட்ட செம்மண்ணையும் சம அளவிற் கலந்தால் கறுப்புக்கு அண்மையான ஆழ்ந்த நிறம் வரும். நிழல்களுக்கு அது குழாய்க் கறுப்பைவிட உயிருள்ளதாக இருக்கும். அக்கலவையோடு வெள்ளை சேர்த்தால் பனையோலைக் கூரையின் சாம்பல் நிறம் கிடைக்கும்.

சில பெட்டிகளில் 'தோல் நிறம்' என்று எழுதிய இளஞ்சிவப்புக் குழாய் ஒன்று வருகின்றது. அது யாருடைய தோலோ நாம் அறியோம், எம்மவருடையதன்று. சுட்ட செம்மண், மஞ்சட்காவி, சிறிது வெள்ளை, ஊசிமுனையளவு நீலம் ஆகியவற்றின் விகிதத்தை மாற்றி மாற்றிக் கலந்தால், நம் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் நிறத்தையும் பெறலாம்.

தூரிகை செயற்கை நாரினதாக இருத்தல் நல்லது. பன்றிமயிர்த் தூரிகை நீரில் நெடுநேரம் ஊறினால் உப்பித் தளர்ந்துவிடும். ஒன்றரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, நடுத்தரமானது ஒன்று, கூர்முனையுள்ள சிறியது ஒன்று. தொடக்கத்துக்கு இவை போதும். வேலைசெய்யும்போது பாவிக்காத தூரிகையை நீரிற் படுக்கவைத்தல் வேண்டும். முனையில் நிறுத்தினால் அது நிரந்தரமாக வளைந்துவிடும்.

வரைவதற்கு விலையுயர்ந்த கன்வஸ் வேண்டியதில்லை. தடித்த மட்டை, ஹாட்போட், மண்சட்டி, பருத்தித் துணி ஆகிய எதிலும் அக்கிறிலிக் பிடிக்கும். எண்ணெய் உள்ள இடத்தில் மட்டும் பிடிக்காது. இனாமல் பூசிய பழைய கதவுத் துண்டில் வரைந்தால் சில காலத்திற் செதிள் செதிளாய் உரியும். ஹாட்போட்டை அரத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூசு துடைத்து, அக்கிறிலிக் அடிவெள்ளையை இருமுறை பூசவேண்டும். முதற்பூச்சு நெடுக்காக, இரண்டாவது குறுக்காக. பலகையின் முதுகிலும் ஒருமுறை பூசினால் அது வளையாது. எம் மகளின் பலகைகளுக்கு அடிவெள்ளையே பூசப்படவில்லை. முதுகுக்கென வெட்டிய பலகை, வழுவழுப்பான பக்கம், மேலே வர்ணம். கன்னம் அவ்வளவு இலகுவாக உரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரை எவ்வளவு சேர்க்கலாம்? ஒரு பங்கு வர்ணத்துக்கு ஒரு பங்கு நீர் என்பதைத் தாண்டாதிருத்தல் தொடக்கத்திற் பாதுகாப்பானது. நீர் மிகுந்தால் பிசின் ஐதாகி, நிறப்பொடியைப் பற்றிப் பிடிக்கமாட்டாது. மேலும் மெல்லியதாக வேண்டுமாயின் நிறமற்ற அக்கிறிலிக் பிசினைச் சேர்த்தல் வேண்டும்.

ஒரு மாம்பழம்

முதற் பயிற்சிக்கு முகத்தை எடுக்கவேண்டா என்பது நாம் பட்டறிந்த பாடம். முகத்திற் பிழைத்தால் மனம் நோகும். மாம்பழம் நோகச் செய்யாது. பழுத்த பின்னும் பச்சை முற்றும் நீங்காத கறுத்தக்கொழும்பான் ஒன்றை யன்னலருகே வைத்து, ஒரு பக்கத்தால் மட்டும் ஒளி விழச்செய்க.

வெள்ளைப் பலகையிற் சுட்ட செம்மண்ணை நீர்த்துப் பூசி உலரவிடவும். வெள்ளைக்கு முன்னால் எந்நிறமும் கறுத்துத் தோன்றி நம்மை ஏமாற்றும்; மண்ணிறத்தின்மேல் ஒளியையும் நிழலையும் அளவிடுதல் எளிது. உருவத்தைச் சோக்கினாற் கீறிக்கொண்டு, நீலமும் செம்மண்ணும் கலந்த இருளால் நிழற்பகுதியை முதலில் நிரப்புக. நீர்வர்ணத்தில் வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் செல்வோம். அங்கே கடதாசியே வெள்ளை. இங்கே இருளிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறுவது வழக்கம். வெள்ளை கடைசியில் வரும். நிழல் உலர்ந்தபின் மஞ்சளும் நீலமும் கலந்த பச்சையை நடுப்பகுதியிலும், அதனோடு மஞ்சட்காவியும் வெள்ளையும் சேர்த்து ஒளிபடும் பகுதியிலும் இடுக.

இப்பொழுது இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லை கோடாகத் தெரியும். எண்ணெய் வர்ணமாயின் மென்தூரிகையால் இழைத்துவிடலாம். அக்கிறிலிக் அதற்குள் உலர்ந்துவிடும். ஆதலின் கூர்முனைத் தூரிகையால், இடைப்பட்ட நிறத்தைச் சிறு சிறு கோடுகளாக, பாய் பின்னுவதுபோல அந்த எல்லையின்மேல் இடவேண்டும். கிட்ட நின்று பார்த்தாற் கோடுகள் தெரியும். ஐந்தடி விலகினால் உருண்டைத் தன்மை தெரியும். இறுதியாக, பிசினிற் சிறிது மஞ்சளைக் கரைத்துக் கண்ணாடிபோன்ற மெல்லிய பூச்சாகப் பழம் முழுவதிலும் பூசுக. கீழுள்ள நிழலும் ஒளியும் அதனூடாகத் தெரிந்து, பழத்துக்கு உள்ளிருந்து சூடு பிறந்ததுபோல இருக்கும். அப்பூச்சு உலர்ந்தபின், தோளிலே ஒரு துளி வெள்ளை. பழத்தை அதன்பின் உண்ணலாம்.

கிணற்றடியில் ஒரு வார்த்தை

தூரிகை கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றுவது எமது வீடுகளிற் சாதாரணம். அக்கிறிலிக்கின் விடயத்தில் இது கூடாது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது. மேலே ஊற்றுவது விரைவிலே கீழே இறங்கிவிடும். பிசினோ உக்காத பொருள். சில மஞ்சள், சிவப்பு வர்ணங்களில் காட்மியம் என்னும் நச்சு உலோகமும் உண்டு. ஆதலால் தூரிகையை முதலிற் பழந்துணியில் நன்கு துடைத்து, பின்பு ஒரு பழைய தகரத்திலுள்ள நீரிற் கழுவி, கடைசியாகவே சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். தகரத்தை வெயிலில் வைத்தால் நீர் வற்றி அடியில் ஏடு தங்கும். அதனை உரித்துக் குப்பையிற் போடலாம். தாய்மார்களுக்கு இன்னொன்று: பாடசாலைச் சீருடையில் இவ்வர்ணம் பட்டால் அக்கணமே கழுவுங்கள். உலர்ந்தபின் எந்தச் சவர்க்காரமும் உதவாது.

முடிந்த படங்களை அடுக்கி வைக்கும் முறையையும் சொல்லவேண்டும். எங்கள் வெப்பத்தில் அக்கிறிலிக் படலம் மெல்ல இளகும் தன்மையது, கையிற் படும்போது உலர்ந்ததாகத் தெரிந்தாலும், வேறொரு படத்தோடு அழுந்திக் கிடந்தால் ஒட்டும், தூசியையும் பிடித்துக்கொள்ளும். படங்களை நிமிர்த்தி, ஒன்றன் முகம் எதனோடும் படாதவாறு வைத்தல் வேண்டும். றங்குப் பெட்டி வேண்டவே வேண்டா. நுவரெலியாவிலுள்ள வாசகர்களுக்கு வேறொரு எச்சரிக்கை: ஏறக்குறைய 9 பாகை செல்சியசுக்குக் கீழே பிசின் துணிக்கைகள் சரியாக ஒன்றுசேரா, படலம் வெடிக்கும். தை மாதத்து இரவுகளில் வரைந்த படத்தை அறையின் கதகதப்பிலேயே உலரவிடுக.

மகள் பல மாம்பழங்களையும், ஒரு செம்பையும், மழைக்காலத்து முற்றத்தையும் வரைந்தபின்பே அப்பம்மாவின் படத்தை மீண்டும் கையிலெடுத்தாள். வேறு பலகையிற் புதிதாக வரையலாமே என்று நாம் கூறினோம். அவள் உடன்படவில்லை. அந்தக் கைகளை அப்பம்மா முன்னால் இருக்கும்போது பார்த்து வரைந்தாள். இனி அப்படி வரையமுடியாது என்றாள். உரிந்த இடத்தை அரத்தாளால் மெல்லத் தேய்த்து அடிவெள்ளையிட்டாள். அதன்பின் நிறம் பொருத்தும் வேலை. காரைநகர்க் கடலை மேசைமேல் வைத்து, அதில் ஒட்டியிருந்த கன்னத்தையே மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு கலவையையும் மட்டையிற் கீற்றாக இட்டு, காற்றாடியில் உலர்த்தி, அதன் அருகே பிடித்துப் பார்த்தாள். முதலாவது சிவந்தது. இரண்டாவது இருண்டது. மூன்றிலும் நான்கிலும் வெள்ளை மிகுந்தது. ஐந்தாவது கீற்றில் நீலத்தை ஊசிமுனையளவு கூட்டியபோது, எது கீற்று, எது கன்னம் என்று எமக்குத் தெரியவில்லை.

கன்னத்தை நிரப்ப நான்கு மாலைகள் சென்றன. எல்லாம் சிறு கோடுகள். அன்று அப்பம்மா சிரித்த அந்த இருண்ட நிறம் மாறவேயில்லை. மகள் அதை மாற்ற விரும்பவுமில்லை. படம் இப்பொழுது விறாந்தையில், வெயில் படாத சுவரில் இருக்கின்றது. கடற்படத்தை அவள் தன் அறையில் வைத்திருக்கின்றாள். அதிலுள்ள கன்னத்தை உரித்தெடுத்துவிட்டு அந்த இடத்துக்கு அலை வரையட்டுமா என்று ஒருநாள் கேட்டாள், வேண்டாம் என்றோம்.